வெப்ப இயக்கவியலில் முதல் வருஷ மாணவர்கள் வழுக்கும் இடங்கள்

குமரி மாவட்டத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறவர்கள் இந்தப் பாடத்தில் மார்க்கை விடுவது பெரும்பாலும் சூத்திரம் தெரியாமல் அல்ல. எந்த நிபந்தனையில் அது செல்லும் என்று பார்க்காமல் போடுவதால்தான்.

கெல்வினுக்கு மாற்ற மறப்பது சின்னத் தவறு, ஆனால் விலை பெரிது. 100, 30 டிகிரி செல்சியஸுக்கு இடையே ஓடும் கார்னோ எந்திரத்தின் (இழப்பே இல்லாத கற்பனை வெப்ப எந்திரம்) திறனை, அதாவது வாங்கும் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கை, 70 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். 373, 303 கெல்வினாக மாற்றிப் போட்டால் 18.8 சதவீதம்தான். குறிகளும் அப்படியே: இயற்பியல் வகுப்பில் பெரும்பாலும் வாயு செய்யும் வேலை பிளஸ், வேதியியலில் வாயுவின் மேல் செய்யப்படும் வேலை பிளஸ். எதை எடுத்திருக்கிறீர்கள் என்று விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அதிகம் பேர் விழும் குழி, வெற்றிடத்துக்குள் வாயு விரிவது. வெப்பம் உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை. உடனே வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வின் சூத்திரத்தைப் போட்டு, 300 கெல்வினில் இருந்த நைட்ரஜன் இரு மடங்காக விரிந்ததும் 227 கெல்வினுக்கு இறங்கியது என்பார்கள். அந்தச் சூத்திரம் மீள் நிகழ்வுக்கு, அதாவது சமநிலை குலையாமல் மெதுவாக நடந்து அப்படியே திருப்பி நடத்தக்கூடிய நிகழ்வுக்கு, மட்டுமே. இங்கே தள்ளுவதற்கு எதிரே ஒன்றுமில்லை, வேலை சுழி, அக ஆற்றல் மாறவில்லை. நல்லியல்பு வாயுவானால் (மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்போ விலக்கோ இல்லாதது) 300 கெல்வின் அப்படியே இருக்கும். வெப்பம் சுழி என்பதால் எண்ட்ரோபி (மூலக்கூறுகளுக்கு எத்தனை அமைப்புகள் சாத்தியம் என்பதன் அளவு) மாற்றமும் சுழி என்பது அடுத்த சறுக்கல். அதே தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் இணைக்கும் ஒரு மீள் பாதையில் கணக்கிடுங்கள்: ஒரு மோலுக்கு 5.76 ஜூல்/கெல்வின் கூடியிருக்கும்.

எண்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்று மனப்பாடம் செய்வதைவிட ஒரு ரப்பர் பேண்டை எடுப்பது மேல். குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கா பஞ்சம்! அகலமான பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள்: சூடு. இழுத்தபடியே அரை நிமிடம் ஆறவிட்டு, விட்டதும் மறுபடி வையுங்கள்: குளிர்ச்சி. சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறுகளுக்கு எத்தனையோ வடிவங்கள் சாத்தியம். நீட்டினால் அந்த எண்ணிக்கை குறைகிறது. வேகமாக இழுக்கையில் வெப்பம் வெளியேற நேரமில்லை, எனவே அந்தக் குறைவை ஈடுகட்ட வெப்பநிலை ஏறுகிறது. எடை தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் சுருங்குவதும் இதனால்தான். இரும்புக் கம்பி நீளும். இந்தக் கணக்கில் வாயுவின் பழக்கத்தில் மைனஸ் போடாதீர்கள். ரப்பரை நீட்டுவது நாம்; விசை பெருக்கல் நீள மாற்றத்துக்குப் பிளஸ் குறி.

புள்ளியியல் எந்திரவியலுக்குப் போனதும், ஆற்றல் கூடினால் நிகழ்தகவு குறையும் என்ற ஒற்றை வரி ஆளைக் கவிழ்க்கும். ஆற்றல் கூடக் கூடக் குறையும் போல்ட்ஸ்மன் காரணி ஒரு நுண்ணிலைக்கு, அதாவது மூலக்கூறு இருக்கக்கூடிய ஒரு குறிப்பிட்ட நிலைக்கு, உரியது. ஒரே ஆற்றலில் எத்தனை நுண்ணிலைகள் என்பதாலும் பெருக்க வேண்டும். அதை விட்டால் நைட்ரஜன் மூலக்கூறின் மிகச் சாத்தியமான வேகம் சுழி என்று வரும். 300 கெல்வினில் அது சுமார் 422 மீட்டர்/நொடி. ஒரு திசையிலான திசைவேகக் கூறுக்கோ, சுழிதான் சரியான விடை. கேள்வி கேட்பது வேகமா, திசைவேகக் கூறா என்று பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.