ஒரே மடக்கில் தீர்ப்பு வேண்டாம்: பீர் திருவிழாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பிரிட்டனில் பாரம்பரிய பீருக்காகப் போராடும் கேம்ரா என்ற அமைப்பு நடத்தும் பீர் திருவிழாக்களில் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊற்றிக் கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நானும் அவர்களில் ஒருவன், பெரும்பாலும் வெளிநாட்டு பீர் பகுதியில் நிற்பேன். லண்டனுக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்த நம் பிள்ளைகள் இப்போது கூட்டமாக வருகிறார்கள். தமிழ் காதில் விழுந்தால் நேராக என்னிடம் வந்துவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வெறும் வயிற்றோடு வராதீர்கள், நடுநடுவே தண்ணீர் குடியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு கிளாஸை ஆறு பேர் சுற்றுக்கு விடுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தீராத தவறு இது. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

திருவிழா கிளாஸில் மூன்று கோடுகள் இருக்கும். மேலே ஒரு பைண்ட் (568 மில்லி), நடுவில் அரை, கீழே மூன்றில் ஒரு பங்கு. கீழ்க்கோடு வரை ஊற்றினால் 189 மில்லி. புதிய பீர்களை ருசி பார்க்கவே வைத்திருக்கும் அளவு அது. ஒருவர் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தால் ஏழெட்டு மடக்கு வரும். நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், ஆறு பேரும் ஆளுக்கொரு வகை வாங்கி, வட்டமாக நின்று, கிளாஸ்களைக் கைமாற்றுகிறார்கள். ஆளுக்கு 30 மில்லி, ஒரே மடக்கு. ஒரு மதியத்தில் முப்பது நாற்பது வகை பார்த்துவிடலாம், காசும் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. கையில் போன் வேறு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்திலேயே மதிப்பெண் போட.

இந்தக் கணக்கில் எது ஜெயிக்கும் தெரியுமா? எப்போதும் இரைச்சலான பீர்தான். போர்பன் பீப்பாயில் ஊறிய, வனிலாவும் சாக்லேட்டும் மணக்கும் இம்பீரியல் ஸ்டவுட் என்ற கனமான கருப்பு பீர் முதல் மடக்கிலேயே ஆளைக் கவிழ்த்துவிடும். ஆறு பேரும் ‘சூப்பர்’ என்பார்கள். அதே ஸ்டவுட்டை முழு கிளாஸ் குடித்தால் பாதியிலேயே திகட்டிவிடும், ஆனால் அந்தப் பாதி வரை யாரும் போவதில்லை. மறுபக்கம், புளிப்பும் புகையும் உப்பும் உள்ள பீர்கள், அதாவது எவற்றைத் தேடி இந்தத் திருவிழாவுக்கே வருகிறோமோ அவை, முதல் மடக்கில் தோற்றுப்போகும். அவை மூன்றாவது மடக்குக்கு மேல்தான் பேசத் தொடங்கும்.

போன கோடையில் ஒரு தம்பி கூஸ் என்ற புளிப்பு பீர் வாங்கிப் போனார். பெல்ஜியத்துப் பாட்டில், நானேதான் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் கூட்டத்தோடு திரும்பி வந்து, “அண்ணா, இது கெட்டுப்போச்சுண்ணா” என்றார். கிளாஸில் ஒரு விரற்கடைதான் மிச்சம். ஆறு பேரும் ஆளுக்கு ஒரு மடக்கு குடித்து, ஆறு பேரும் முகத்தைச் சுளித்து, ஏகமனதாகத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பு எதைத் தூக்கி எறிந்தது என்று பாருங்கள். கூஸ் செய்ய அடிப்படையான லாம்பிக் பீரை பிரஸ்ஸல்ஸிலும் அதை ஒட்டிய சென் ஆற்றுப் பகுதியிலும் குளிர்மாதங்களில்தான் காய்ச்சுகிறார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டோடு, முளைகட்டாத கோதுமையும் முப்பது சதவீதத்துக்குக் குறையாமல் சேரும். பீருக்குக் கசப்பு தரும் பூவான ஹாப்ஸ் கூடக் கசப்பு இறங்கிய பழைய ஹாப்ஸ். காய்ச்சியதை ஆழமில்லாத அகலத் தொட்டியில் இரவு முழுக்கத் திறந்தே ஆறவிடுவார்கள். யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களே வேலையைப் பார்த்துக்கொள்ளும், நம் ஊரில் பனையில் கட்டிய கலயத்துக்குள் கள் தானாகப் புளிப்பதைப் போல. அப்புறம் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் பீப்பாயில் கிடந்தவற்றை ஒன்றாகக் கலந்து பாட்டிலில் அடைத்தால், உள்ளே மறுபடி புளித்து நுரை கட்டும். கான்டியோன் என்ற பிரஸ்ஸல்ஸ் ப்ரூவரி (பீர் ஆலை) 1900 முதல் இதைச் செய்துவருகிறது. மூன்று வருட உழைப்பை 30 மில்லியில் முடித்துவைத்தால் எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

முதல் மடக்கு ஏன் பொய் சொல்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. புளிப்பு நாக்கில் பட்டதும் எச்சில் ஊறும். ஊறிய எச்சில் அடுத்த மடக்கின் புளிப்பைத் தணிக்கும். இரண்டாவதில் புளிப்பு பின்னால் போய் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள் மாதிரியான வாசனைகள் தலைகாட்டும். மூன்றாவதில்தான் ஈர வைக்கோல், பதனிட்ட பழைய தோல் என்று ஒரு மண்வாசம் வரும். அது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. 1904இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசென் அதை அடையாளம் கண்டது, நாள்பட ஊறவைத்த ஆங்கில பீர்களை ஆராய்ந்தபோது. லண்டனின் பெரிய மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் கிடந்த போர்ட்டர் என்ற பழைய கருப்பு பீர்களிலும் அந்த வாசம் இருந்திருக்கும். ‘கெட்டுப்போச்சு’ என்று நாம் திருப்பித் தருவது, இந்த ஊர் ஒரு காலத்தில் காசு கொடுத்து விரும்பிக் குடித்த ருசி.

புகை பீரிலும் இதே கதைதான். ஜெர்மனியில் பாம்பெர்க் நகரத்து ஷ்லென்கெர்லா ப்ரூவரியில் பீச் மர நெருப்பில் மால்ட்டை உலர்த்துகிறார்கள். முதல் மடக்கில் புகைபோட்ட இறைச்சி தவிர வேறெதுவும் தெரியாது. மூக்கு அந்தப் புகைக்குப் பழகிய பிறகுதான் அடியில் இருக்கும் மால்ட்டின் இனிப்பு மேலே வரும். முதல் மடக்கு விசித்திரமாக இருந்தாலும் நிறுத்திவிடாதீர்கள் என்று அந்த ப்ரூவரியே சொல்கிறது.

அந்தத் தம்பிக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றி, யாரிடமும் கொடுக்காதே, ஓரமாக உட்கார்ந்து நீயே குடி என்று அனுப்பினேன். முதலில் மோந்து பார், கொஞ்சமாக வாயில் வைத்து எல்லாப் பக்கமும் உருட்டு, முழுங்கு, ஒரு நிமிடம் சும்மா இரு, அப்புறம் அடுத்த மடக்கு. துப்பக் கூடாது. ஒயினுக்கு அது சரி, ஆனால் பீரின் கசப்பு முழுதாகத் தெரிவது முழுங்கிய பிறகுதான். மூன்றாவது மடக்கு வரை பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று எதையும் முடிவு செய்யாதே என்றேன். அரை மணி நேரம் கழித்து வந்தவருக்குக் கூஸ் அவ்வளவாகப் பிடிக்கவில்லைதான். ஆனால் எது பிடிக்கவில்லை என்று இப்போது சொல்லத் தெரிந்தது: “புளிப்பு ஓகேண்ணா, அந்த வைக்கோல் வாசம்தான் ஒத்துவரல.” சரி, அப்படியானால் ஃபிளாண்டர்ஸ் ரெட் என்று ஓக் தொட்டியில் ஊறிய செந்நிறப் புளிப்பு பீர் இருக்கிறது, ரோடன்பாக் குடித்துப் பார் என்று வழிகாட்ட என்னால் முடிந்தது. ஒரு மடக்கோடு போயிருந்தால் அவருக்குப் புளிப்பு பீர் என்ற உலகமே அங்கேயே மூடியிருக்கும்.

ஒரு நாளைக்கு ஐந்தாறு வகை போதும். நாற்பது வகை பார்த்தவர்களை வாசலில் நிறுத்தி எது பிடித்தது என்று கேளுங்கள், கடைசியாகக் குடித்ததைச் சொல்வார்கள்.

‘சூடா இருக்கு, கேஸே இல்லை’

காஸ்க் ஏல் அப்படித்தான் இருக்கும். பீப்பாய்க்குள்ளேயே கடைசிக் கட்டம் புளித்து, வெளியிலிருந்து கேஸ் ஏற்றாமல், 11 முதல் 13 டிகிரியில் ஊற்றப்படுவது அது. 1971இல் கேம்ரா தொடங்கப்பட்டதே இந்த பீரைக் காப்பாற்றத்தான். ஐஸ் கேட்காதீர்கள். தயவுசெய்து.

எல்லாவற்றையும் ‘இதுதான் ஸ்டைல்’ என்று நம்புவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு மறுகோடிக்குப் போகிறவர்களும் உண்டு. விசித்திரமாக இருப்பதெல்லாம் வேண்டுமென்றே செய்ததல்ல. கூஸில் புளிப்பு இருப்பது ப்ரூவரியின் திறமை. 4 சதவீத ஆல்கஹால் உள்ள, பிட்டர் என்ற சாதாரண ஆங்கில ஏலில் வினிகர் வாடை அடித்தால் பீப்பாய் கெட்டுவிட்டது என்று அர்த்தம். வெண்ணெய் வாசம் சில ஆங்கில ஏல்களில் லேசாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள், பாப்கார்ன் கடை மாதிரி அடித்தால் அது குறைதான். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் பீர் பழசாகி ஆக்சிஜன் பட்டிருக்கிறது. திறந்தவெளித் திருவிழாவில் இன்னொன்றும் நடக்கும்: ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் வெயில் பட்டால் சில நிமிடங்களிலேயே சிதைந்து ஒரு துர்நாற்றம் வரும். அதற்கு ப்ரூவரியைத் திட்டிப் பயனில்லை, கிளாஸை நிழலில் வையுங்கள்.

சந்தேகம் வந்தால், “இது இப்படித்தான் இருக்குமா?” என்று கவுண்டரில் கேளுங்கள். நாங்களும் ஊற்றி மோந்து பார்ப்போம். குறை என்றால் மாற்றிக் கொடுப்போம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் பாதிக்கு மேல் குடித்துவிட்டு வந்து கேட்காதீர்கள்.

கிளாஸ் அளவைப் பார்த்து ஏமாறுவது

சின்ன கிளாஸ்தானே என்று 10 சதவீத பீர்களாகப் பார்த்து வாங்குகிறார்கள். கணக்கு சுலபம்: மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் பிரிட்டனில் ஆல்கஹாலை அளக்கும் யூனிட் வரும். 189 மில்லி, 10 சதவீதம் என்றால் 1.9 யூனிட். 4 சதவீத பிட்டர் ஒரு முழு பைண்ட் குடித்தால் 2.3. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஒன்று பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடும். வாரம் முழுவதற்குமே 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்கிறது இங்குள்ள சுகாதாரத் துறை. நோட்டுப் புத்தகத்தில் பீர் பெயருக்குப் பக்கத்தில் யூனிட்டையும் எழுதுங்கள், எங்கே நிறுத்துவது என்று பென்சிலே சொல்லும்.

கார்

வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

டபுள் ஐ.பி.ஏ.வில் தொடங்குவது

ஹாப்ஸ் அள்ளிப் போட்ட அந்தக் கடும் பீரின் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டால் அடுத்த இரண்டு கிளாஸும் வீண். மெலிந்தது முதலில், புளிப்பு நடுவில், புகையும் கசப்பும் கனமும் கடைசியில். புகை பீருக்குப் பிறகு கிளாஸைக் கட்டாயம் அலசுங்கள்.

சைவம் என்று நினைத்துக்கொள்வது

இதை யாரும் சொல்லித் தராததால் பின்னால் தெரிந்து வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காஸ்க் பீரில் ஈஸ்ட்டை அடியில் படியவைக்க ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது இங்கே நெடுநாள் வழக்கம். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. இப்போது அது இல்லாமல் கலங்கலாகவே விடும் ப்ரூவரிகளும் நிறைய உண்டு, கேட்டால் சொல்வோம். ஆய்ஸ்டர் ஸ்டவுட் சிலவற்றில் நிஜமாகவே சிப்பி இருக்கும். மில்க் ஸ்டவுட்டில் பால் சர்க்கரை சேர்கிறது, லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரம்

கறி ஸ்டால் எப்போதும் இருக்கும், வாசனை இழுக்கவும் செய்யும். ருசி பார்த்து முடித்த பிறகு போங்கள். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் கூட்டிவிடும், மெல்லிய பீர் எதுவும் அதற்குப் பிறகு தெரியாது. இடையில் வெறும் ரொட்டி போதும். சிப்ஸ் எண்ணெய் உதட்டிலிருந்து கிளாஸுக்குப் போனால் நுரை நிற்காது.

கடைசி நாள் மாலையில் வருவது

அரிய பீப்பாய்கள் அதற்குள் காலியாகியிருக்கும்.