வீட்டைப் பார்ப்பதற்கு முன் பேட்டையைப் பாருங்கள்: வீவக மறுவிற்பனை வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும்

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் நானும் என் மனைவியும் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மனத்தைப் பறிகொடுத்தோம். நல்ல காற்று, அகலமான சமையலறை, கீழே இறங்கினால் சந்தை. விலை பேசி முடித்தோம். அம்மாவிடம் பூசை அறை எங்கே வரும் என்றுகூடச் சொல்லியாகிவிட்டது. விருப்புரிமைப் பணம், அதாவது வீட்டை நமக்கென்று பிடித்து வைக்கும் முன்பணம், கொடுக்கப் போகும் நேரத்தில்தான் தெரிந்தது, அந்த புளோக்கில் இந்தியர்களுக்கான ஒதுக்கீடு நிறைந்துவிட்டது என்று. விற்பவர் சீனர். அவர் எங்களுக்கு விற்க முடியாது. முகவர் அதை முன்பே பார்த்திருக்க வேண்டும், நாங்களும் பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைக்குப் பதிலாக இரண்டு மாதம் அலைந்தோம்.

அதனால் பேட்டையை அலசுவதற்கு நான் இப்போது ஒரு வரிசை வைத்திருக்கிறேன். உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலைகள் முதலில், கால் வலிக்கும் வேலைகள் அப்புறம்.

படி 1: ஒதுக்கீட்டைப் பாருங்கள்

இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989-இல் வந்தது. ஒரு புளோக்கிலும், பல புளோக்குகள் சேர்ந்த அக்கம்பக்கத்திலும் ஒவ்வோர் இனத்தவருக்கும் எத்தனை வீடு என்று அது வரம்பு வைக்கிறது. இந்தியர், பிற இனத்தவர் இருவரையும் சேர்த்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு என்பது வரம்பு. இரண்டில் எது நிறைந்தாலும் இந்தியர் ஒருவர் அங்கே இந்தியரிடமிருந்தோ பிற இனத்தவரிடமிருந்தோதான் வாங்க முடியும். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணையும் சாலைப் பெயரையும் கொடுத்தால் நிலவரம் தெரிந்துவிடும். மாதத்தின் முதல் நாளில் அது புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே சென்ற மாதம் பார்த்ததை நம்பி இருக்காதீர்கள்.

விற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்திருந்தால் நீங்கள் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் கூட்டம் சட்டென்று சுருங்கிவிடும், விலையும் அதைப் பொறுத்துத்தான் அமையும். பக்கத்து புளோக் வீடு போன விலையைச் சொல்லி அடம்பிடிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். நீண்ட நாள் முயன்றும் விற்க முடியாத, தகுதியுள்ள உரிமையாளர்களிடமிருந்து வீடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உதவியை வீவக 2022 முதல் வழங்குகிறது. அதையும் கேட்டு வையுங்கள்.

இந்தியாவிலிருந்து வந்து நிரந்தரவாசியான குடும்பங்களுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு அக்கம்பக்கத்தில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காடு. தனியார் கொண்டோமினிய வீடுகளுக்கு இந்த ஒதுக்கீடுகள் எதுவும் கிடையாது.

படி 2: குத்தகையைக் கணக்குப் போடுங்கள்

வீவக வீட்டின் குத்தகை 99 ஆண்டு. 1976-இல் தொடங்கியது 2075-இல் முடியும். வாங்குவோரில் ஆக இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை தாங்கினால்தான் மத்திய சேமநிதியை (சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் சேமிப்பை) முழு அளவில் பயன்படுத்தலாம். 35 வயதுக்காரர் 2026-இல் அந்த 1976 வீட்டை வாங்கினால் 84 வயது வரைதான் வரும். சேமநிதியிலிருந்து எடுக்கும் தொகை குறையும், கையிலிருந்து போட வேண்டியது கூடும். பழைய பேட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. மரங்களும் சந்தையும் காப்பிக்கடையும் அங்கேதான் நன்றாக இருக்கின்றன. கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள்.

படி 3: பத்தாண்டு கழித்து சன்னலுக்கு வெளியே என்ன இருக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளில் எந்த நிலம் எதற்கு என்று அது சொல்லும். உங்கள் புளோக்கைத் தேடிப் பிடித்து, சுற்றியுள்ள ஒவ்வொரு காலி இடத்தையும் தொட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பந்து உதைக்கும் திடல் 'குடியிருப்பு' என்று இருந்தால், அங்கே ஒரு நாள் புளோக் எழும்பும். நிலத்தின் மேல் எழுதியிருக்கும் 2.8, 3.5 போன்ற எண்கள் நிலப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைக் காட்டுகின்றன. எண் பெரிதானால் கட்டடமும் பெரிது.

பிடாடாரியை நினைத்துப் பாருங்கள். கிறிஸ்துவர், முஸ்லிம், இந்துக்கள் அடக்கம் செய்யப்பட்ட இடுகாடு அது. இன்று அங்கே வீடுகளும் ஏரியும் இருக்கின்றன. அதன் பக்கத்திலுள்ள உட்லீ நிலையம் வடகிழக்கு ரயில் பாதையோடு கட்டப்பட்டது. பாதை 2003-இல் ஓடத் தொடங்கியது, நிலையம் திறந்ததோ 2011-இல். புவாங்கோக் நிலையமும் அப்படித்தான், 2006 வரை மூடியே கிடந்தது. எனவே 'நிலையம் வரப்போகிறது' என்று யாராவது சொன்னால், திறக்கும் ஆண்டை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அறிவிப்பில் நீங்களே பாருங்கள். அந்த ஆண்டு வரை எந்தப் பேருந்தில் போவீர்கள் என்றும் யோசியுங்கள்.

ஹவ்காங், சிராங்கூன் பக்கம் பார்ப்பவர்கள் பாய லேபார் ஆகாயப் படைத் தளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது 2030களிலிருந்து இடம் மாறவிருக்கிறது. அதுவரை போர் விமானச் சத்தம் உண்டு, அப்புறம் அந்த வட்டாரமே மாறும்.

படி 4: பள்ளியும் பெற்றோரும்

தொடக்கப்பள்ளிப் பதிவில் 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை, அடுத்து 1 முதல் 2 கிலோமீட்டர். முகவர் சொல்லும் 'நடக்கிற தூரம்' இதற்கு உதவாது. சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். அந்த முகவரியைக் காட்டிப் பள்ளியில் இடம் வாங்கினால் 30 மாதமாவது அங்கே குடியிருக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று கூடுதலாக: எல்லாப் பள்ளியிலும் தமிழ் இல்லை. இல்லாவிட்டால் பிள்ளை தமிழுக்காக வேறு நிலையத்துக்குப் போய் வர வேண்டியிருக்கும். கல்வி அமைச்சின் பள்ளித் தேடல் பக்கத்தில் தாய்மொழிப் பகுதியைப் பார்த்துவிடுங்கள்.

பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதியுள்ள குடும்பத்துக்கு 20,000 வெள்ளி அருகாமை வீட்டு மானியம் உண்டு. பெற்றோருடன் சேர்ந்தே வாழ்ந்தால் 30,000.

படி 5: நடங்கள்

வீடு காட்டுவது பெரும்பாலும் வார இறுதிப் பகலில். பேட்டை அப்போது அமைதியாகத்தான் இருக்கும். நீங்கள் வார நாளில் காலை 7.15 மணிக்குப் போங்கள். பேருந்தில் ஏற முடிகிறதா, மின்தூக்கிக்கு எத்தனை நிமிடம் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மாலை 4 மணிக்கு ஒரு முறை போங்கள். மேற்கே பார்த்த படுக்கையறை என்றால் சுவரைத் தொட்டாலே தெரியும். இரவு 10 மணிக்கு மேல் ஒரு முறை போங்கள். காப்பிக்கடைச் சத்தம், விரைவுச்சாலை இரைச்சல், கார் நிறுத்த இடம் எல்லாம் அப்போதுதான் தெரியும். மழை நாளில் போனால் இன்னும் நல்லது. ரயில் நிலையம் வரை கூரை இருக்கிறதா, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது புரியும்.

மாடியிலிருந்து படிக்கட்டு வழியாக இறங்கி வாருங்கள். கடன் முதலைகளின் (சட்டவிரோத வட்டிக்காரர்களின்) கிறுக்கல்கள் படிக்கட்டுச் சுவரில்தான் இருக்கும். கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் நகர மன்றம் எதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது என்று படியுங்கள். எலியா, மேலிருந்து குப்பை எறிவதா, மின்தூக்கிப் பழுதா? தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் டெங்கி வரைபடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். காப்பிக்கடையில் ஒரு தே தாரேக் வாங்கிக்கொண்டு, "அங்கிள், இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேளுங்கள். எந்த இணையத்தளத்திலும் இல்லாத தகவல் அவரிடம் கிடைக்கும்.

படி 6: விலை

அதே புளோக்கில், அதே அளவில், ஏறக்குறைய அதே மாடியில் அண்மையில் போன விலைகளை வீவக தளத்தில் எடுங்கள். வீவக மதிப்பீடு, விற்பவர் விருப்புரிமை கொடுத்த பிறகுதான் வரும். பேசிய விலை அதைவிடக் கூடுதலாக இருந்தால், வித்தியாசத்தை ரொக்கமாகத்தான் தர வேண்டும். சேமநிதியோ கடனோ அதற்கு உதவாது.

விற்பவரும் இதே படிகளை ஏறி இறங்கி, 1 கிலோமீட்டர் பள்ளிகள், ஒதுக்கீட்டு நிலவரம், மீதமுள்ள குத்தகை, வரவிருக்கும் ரயில் நிலையம், அது திறக்கும் ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீடு பார்க்க வருபவர் கையில் அதைக் கொடுங்கள். எதிரே திடலில் புளோக் வரப்போகிறது என்றால் அதையும் எழுதுங்கள். வரைபடத்தில் அவர்களே பார்த்துவிடுவார்கள், உங்களிடமிருந்து முதலில் தெரிந்தால் பேச்சு நேராக நடக்கும்.

கடைசியாக ஒரு வேலை. வீட்டில் வயதானவர் இருந்தால், மின்தூக்கியிலிருந்து சந்தைக்கும் பலதுறை மருந்தகப் பேருந்து நிறுத்தத்துக்கும் அவரை முன்னே விட்டு, அவர் வேகத்தில் நடந்து பாருங்கள். நாங்கள் இப்போதிருக்கும் வீட்டுக்கு அப்படித்தான் வந்தோம். அம்மா வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார், இரண்டு இடத்திலும் நிழலில் பெஞ்சு இருந்தது.