மலிவு விமானம் தொடங்கும் தேசிய நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தேசிய விமான நிறுவனம் குறைந்த கட்டணத் துணை நிறுவனத்தை அறிவிக்கும் நாளில் புதுப் பெயரும் புதுச் சீருடையும்தான் மேடையேறுகின்றன. செலவுக் கணக்கு பின்வரிசையில் நிற்கிறது. டிக்கெட் விலையைக் குறைக்க ஒரு நாள் போதும். ஓர் இருக்கையைப் பறக்கவைக்கும் செலவைக் குறைக்க நிறுவனத்தையே வேறு விதமாகக் கட்ட வேண்டும்.

இதைச் செய்யாமல் விட்டதுதான் பெரிய தவறு. அமெரிக்காவின் டெல்டா 2003-இல் 'சாங்' என்ற மலிவுச் சேவையைத் தொடங்கியது. தோல் இருக்கைகள், ஒவ்வொரு இருக்கைக்கும் தனித் திரை, பெயர்பெற்ற வடிவமைப்பாளரின் சீருடை என்று எல்லாம் இருந்தன. விமானிகள் மட்டும் டெல்டாவின் அதே சம்பள ஒப்பந்தத்தில் பறந்தார்கள். 2006-இல் சாங் மூடப்பட்டது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான யுனைடெட்டின் 'டெட்' 2004-இல் பிறந்து 2009 தொடக்கத்தில் மறைந்தது. அங்கும் தாய் நிறுவனத்தின் ஊழியர்களே. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் வேறு வழியில் போனது. 2001-இல் வாங்கிய இம்பல்ஸ் என்ற சிறிய நிறுவனத்தின் மீதுதான் 2004-இல் ஜெட்ஸ்டாரை எழுப்பியது. குறைந்த செலவில் வேலை செய்து பழகிய ஆட்களும் ஒப்பந்தங்களும் அங்கே ஏற்கெனவே இருந்தன. குவாண்டாஸின் தலைமையகம் சிட்னி, ஜெட்ஸ்டாருடையது மெல்போர்ன். இந்தத் தூரம் மிகவும் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பல வகை விமானங்களைக் கலந்து வைப்பதும், தரையிறங்கிய விமானத்தை ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பதும் அடுத்த தவறுகள். நின்றிருக்கும் விமானம் சம்பாதிப்பதில்லை.

பிள்ளை தன் வருமானத்தைத் தின்றுவிடுமோ என்று தாய் நிறுவனம் அஞ்சுவது இன்னொரு தவறு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1998-இல் லண்டன் ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து 'கோ' நிறுவனத்தைத் தொடங்கியது. முதல் விமானத்திலேயே போட்டி நிறுவனமான ஈஸிஜெட்டின் உரிமையாளர் ஸ்டெலியோஸ் தன் ஊழியர்களோடு ஆரஞ்சு உடையில் ஏறி அமர்ந்தார். போட்டியாளருக்கு அவ்வளவு கவலை! அந்த நிறுவனத்தை 2001-இல் அதன் நிர்வாகிகளிடமே சுமார் 11 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டது பிரிட்டிஷ் ஏர்வேஸ். மறு ஆண்டே ஈஸிஜெட் அதை 37.4 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தன் செலவில் வளர்த்ததைப் போட்டியாளரின் கையில் சேர்த்ததாகத்தான் முடிந்தது. அஞ்சுவதற்குப் பதில், எந்த வழித்தடம் யாருக்கு என்று முதலிலேயே பிரித்துக்கொடுத்திருக்க வேண்டும்.

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இந்த இடத்தில் சரியாகத் தொடங்கியது. 2005 ஏப்ரல் 29 அன்று முதல் விமானம் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குப் பறந்தது. அப்போது போயிங் 737-800 என்ற ஒரே வகை விமானம்தான். கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் இடையே ஓடும் உழைப்பாளிகளே அதன் பயணிகள்.

இந்தப் பயணியை மறந்து ஐரோப்பிய மாதிரியை அப்படியே எடுத்துவந்தால் அதுவும் தவறுதான். வார இறுதிச் சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு ஒரு தோள்பை போதும். இரண்டு ஆண்டுகள் கழித்து ஊருக்குத் திரும்புகிறவர், கயிறு சுற்றிப் பெயரும் மாவட்டமும் பெரிதாக எழுதிய அட்டைப்பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டி வருகிறார். பெட்டிக்குள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. வளைகுடாவிலிருந்து திரும்புகிறவருக்கு 30 கிலோ வரை டிக்கெட்டோடு சேர்த்தே கொடுத்துவந்ததில் வணிக அறிவு இருந்தது. அந்த எடையைப் பிடுங்கிக்கொண்டு கட்டணத்தில் சில நூறு ரூபாயைக் குறைத்துக் காட்டினால், அவர் மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வேறு விமானத்துக்குப் போய்விடுவார்.