கொம்புச்சாவுக்கு உறை ஊற்றுவது எப்படி

எங்கள் வீட்டு சமையல் மேடையில், காபி ஃபில்டருக்குப் பக்கத்தில், நாலு வருடமாக ஒரு கண்ணாடி ஜாடி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கொம்புச்சா, அதாவது சர்க்கரை போட்ட டீயைப் புளிக்கவைத்துச் செய்கிற பானம். முதல் வாரம் அதற்குள் எட்டிப் பார்த்த அம்மா, “என்னடா இது, இளநீர் வழுக்கையைக் கொண்டுபோய் டிகாஷன்ல போட்டு வச்சிருக்க?” என்றாள். அதைவிடச் சரியாக யாரும் அதை வர்ணித்ததில்லை. வெளிறிய நிறத்தில், வழவழவென்று, ஜாடி வாய் அகலத்துக்கு ஒரு தட்டு.

புதிதாகப் போடுகிறவர்கள் எல்லாரும் “அந்தத் தட்டு எங்கே கிடைக்கும்?” என்றுதான் கேட்கிறார்கள். தட்டு முக்கியமில்லை. அது பாக்டீரியா நெய்து போட்ட செல்லுலோஸ், அவ்வளவுதான். உயிர் இருப்பது பழைய கொம்புச்சாவின் புளித்த தண்ணீரில். தயிருக்கு உறை மோர் எப்படியோ, இதற்கு அது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் விடும். பாக்டீரியா அந்த ஆல்கஹாலைப் புளிப்பாக மாற்றும். அந்தப் புளிப்புதான் பூஞ்சணம் வராமல் காவல் நிற்கிறது. அதனால் உறையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஏற்கெனவே போடுகிற நண்பரிடம் 250 மில்லி கேட்டு வாங்குங்கள். தட்டு இல்லாவிட்டாலும் பத்துப் பன்னிரண்டு நாளில் தானே படியும். ஆள் கிடைக்காவிட்டால் கடையில் சுவை சேர்க்காத, பாஸ்சரைஸ் செய்யாத பாட்டில் வாங்கலாம்.

இரண்டு லிட்டருக்கு என் கணக்கு இது: தேயிலை 12 கிராம், வெள்ளைச் சர்க்கரை 140 கிராம், தண்ணீர் ஒன்றே முக்கால் லிட்டர், உறை 250 மில்லி. நான் போடுவது குன்னூர் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் இலை, அதாவது பொடியாக்காமல் சுருட்டிய தேயிலை. டஸ்ட் டீயிலும் வரும், கொஞ்சம் துவர்க்கும், கலங்கும். மசாலா டீ வேண்டாம். வாசனை எண்ணெய் சேர்த்த தேயிலையும் வேண்டாம். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடச் சொல்லி அம்மா ஒருமுறை அடம்பிடித்தாள். குடிக்க முடிந்தது, ஆனால் பார்ப்பதற்கு மழைக்கால ஏரித் தண்ணீர் மாதிரி இருந்தது.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, தேயிலையைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி, சூட்டோடு சர்க்கரையைக் கரையுங்கள். மீதி முக்கால் லிட்டரை முந்தின இரவே காய்ச்சி ஆறவைத்திருந்தால் இப்போது ஊற்றிவிடலாம், சீக்கிரம் ஆறும். அப்புறமும் பொறுங்கள். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் சூடே தெரியக்கூடாது. சூட்டில் உறை ஊற்றினால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் செத்துப்போகும். ஆறியதும் ஜாடியில் ஊற்றி, உறையைச் சேர்த்து, தட்டு இருந்தால் மேலே விடுங்கள். மிதந்தாலும் சரி, மூழ்கினாலும் சரி. புளிப்பை அளக்கிற பிஹெச் தாள் இருந்தால் நனைத்துப் பாருங்கள்: 4.5க்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னும் கொஞ்சம் உறை ஊற்றுங்கள்.

ஜாடி கண்ணாடியாகவே இருக்கட்டும். பாட்டியின் ஊறுகாய் ஜாடி பரணில் சும்மாதானே கிடக்கிறது என்று எனக்கும் தோன்றியது. பழைய பீங்கான் மெருகில் ஈயம் இருக்கலாம், புளிப்பு அதை இழுத்துவிடும். பித்தளை, செம்பு, அலுமினியமும் அதே காரணத்தால் ஆகாது. வாயை வேட்டித் துணி இரண்டு மடிப்புப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். டீ வடிகட்டியைக் கவிழ்த்து வைத்தால் பழ ஈ உள்ளே போய் முட்டை போட்டுவிடும். போட்டது, அதனால் சொல்கிறேன். வெயில் படாத இடம், வாழைப்பழக் கூடைக்குத் தள்ளி.

எத்தனை நாள்? இணையத்தில் சொல்லும் ஏழிலிருந்து பதினான்கு நாள் கணக்கு குளிர் ஊர்க்காரர்களுடையது. இதற்குப் பிடித்த சூடு 24 முதல் 29 டிகிரி. வேளச்சேரியில் மூன்றாவது மாடியில், மே மாதத்தில், எனக்கு நாலரை நாளில் முடிந்துவிடும். மார்கழியில் எட்டு நாள். அதனால் நாட்காட்டியைப் பார்க்காமல் நாக்கைக் கேளுங்கள். மூன்றாம் நாளிலிருந்து சுத்தமான ஸ்பூனால் தட்டை ஓரம் தள்ளி ஒரு வாய் எடுத்துப் பாருங்கள். இனிப்பும் புளிப்பும் சண்டை போடாமல் இருக்கிற நாள்தான் எடுக்கிற நாள்.

பழுப்பு நூல் நூலாகத் தொங்கினால் பயப்பட வேண்டாம், அது ஈஸ்ட். மேற்பரப்பில் உலர்ந்து, பஞ்சு போல, வெள்ளையோ பச்சையோ கருப்போ படர்ந்தால் அது பூஞ்சணம். சுரண்டி எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று பார்க்காதீர்கள். தட்டோடு மொத்தத்தையும் கொட்டிவிட்டு, ஜாடியைக் கொதிநீரில் கழுவிப் புதிதாகத் தொடங்குங்கள்.

பாட்டிலில் அடைப்பதற்கு முன்னால் அடுத்த தடவைக்கு 250 மில்லி எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதில் நுரை வேண்டுமானால், முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு இஞ்சிச் சாறு ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒன்றரை டீஸ்பூன். அல்லது பன்னீர் திராட்சைச் சாறு கால் டம்ளர். கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு மூடி, ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் அடிபட்டேன். அலமாரியில் அழகுக்கு இருந்த சதுர பாட்டிலில் திராட்சைச் சாறோடு அடைத்துவிட்டு, திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். மே மாதம், இரண்டு நாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் மேடையெல்லாம் கண்ணாடி, கூரையில் ஊதா. அந்தக் கறை மேல் இரண்டு தடவை வெள்ளையடித்தாகிவிட்டது, இன்னும் லேசாகத் தெரிகிறது. வாயு அழுத்தம் தாங்குகிற தடித்த உருண்டை பாட்டில்தான் வேண்டும். கூடவே அதே கலவையை ஒரு சின்ன பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் அடைத்துப் பக்கத்தில் வையுங்கள். அதை அமுக்கிப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். கல் மாதிரி ஆனதும் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். சென்னை கோடையில் இதற்கு ஒரு நாள் போதும்.

ஜப்பானில் போய் கொம்புச்சா கேட்டால் கொம்பு என்ற கடற்பாசியில் போட்ட பானம் வரும். இதற்கு அங்கே ‘கோச்சா கினோகோ’, அதாவது கறுப்புத் தேயிலைக் காளான் என்று பெயர். காளானும் இல்லைதான். போகட்டும்.

சர்க்கரை வியாதிக்கு மருந்தாமே என்று பெரியப்பா ஃபோனில் கேட்டார். இல்லை, சர்க்கரை கொஞ்சம் மிஞ்சித்தான் இருக்கும். சிறிதளவு ஆல்கஹாலும் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், குழந்தைகளுக்கும் நான் கொடுப்பதில்லை. நானே நாளுக்கு ஒரு டம்ளர்தான்.

மறந்துபோய் பத்து நாள் விட்டு, வாயில் வைக்க முடியாமல் புளித்துப்போனதைக் கொட்டாதீர்கள். அம்மா அதை வினிகர் மாதிரி ஒரு பாட்டிலில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். சின்ன வெங்காயத்தை உரித்து, உப்பும் கீறின பச்சைமிளகாயும் போட்டு, அதில் ஒரு இரவு ஃப்ரிட்ஜில் ஊறவிட்டால் மறுநாள் தயிர்சாதத்துக்கு ஆச்சு.