எங்கே வெட்டிக் காட்டுவது? பொறியியல் வரைபடம் வரைவோருக்கு ஒரு குறிப்பு

ஒரு பாகத்தின் உட்புறத்தைக் காட்டும் மறைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எது துளை, எது படி என்று பிரித்தறிய முடியாமல் போகும்போதுதான் வெட்டுத்தோற்றம் (பாகத்தை வெட்டித் திறந்ததுபோல உட்புறத்தைக் காட்டும் படம்) தேவைப்படுகிறது. ஒரே ஒரு நேர்த்துளை மட்டும் உள்ள தட்டுக்கு அது வீண் வேலை.

புஷ் (உருளை வடிவ உறை), புல்லி போன்று மையக்கோட்டின் இருபுறமும் ஒத்திருக்கும் பாகங்களுக்கு, ஒரு பாதியை மட்டும் வெட்டிக் காட்டும் அரை வெட்டுத்தோற்றமே சிறந்தது என்பது என் கருத்து, ஏனெனில் வெளித்தோற்றமும் உட்புறமும் ஒரே படத்தில் கிடைத்துவிடுகின்றன. இரு பாதிகளையும் பிரிப்பது மையக்கோடுதான். அங்கே தடித்த கோடு இழுத்துவிடாதீர்கள். துளைகள் ஒரே நேர்கோட்டில் அமையாதபோது வெட்டுத்தளத்தை (பாகத்தை வெட்டுவதாகக் கற்பனை செய்யும் தளத்தை) படிபோல மடக்கிக்கொள்ளலாம், ஆனால் அது மடங்கும் இடத்தை வெட்டுத்தோற்றத்தில் கோடாகக் காட்டக் கூடாது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது விலாக்களில்தான் (பாகத்துக்கு வலுவூட்டும் மெல்லிய தகடு போன்ற பகுதிகள்). சுவரில் பொருத்தும் பேரிங் தாங்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் அடித்தட்டையும் உருளையையும் 10 மி.மீ. தடிமனுள்ள முக்கோண விலா ஒன்று இணைக்கிறது. வெட்டுத்தளம் அந்த விலாவின் நீளவாக்கில் செல்லும்போது, அதன் மீதும் வெட்டுப்பட்ட பரப்பைக் குறிக்கும் 45 பாகைச் சாய்கோடுகளைப் போட்டால், பட்டறையில் படத்தைப் பார்ப்பவர் அதை முழுக் கெட்டியான வார்ப்பு என்று எண்ணிவிடுவார். எனவே விலாவை வெறுமையாக விட வேண்டும். அதையே குறுக்காக வெட்டினால் சாய்கோடுகள் கட்டாயம் வேண்டும். ஷாஃப்ட், போல்ட், நட், ரிவெட், சாவி (ஷாஃப்டையும் அதில் மாட்டிய சக்கரத்தையும் சேர்ந்து சுழல வைக்கும் துண்டு) ஆகியவற்றுக்கும் நீளவாக்கில் இதே விதிதான். ஷாஃப்டில் உள்ள சாவிப் பள்ளத்தை மட்டும் காட்ட வேண்டுமென்றால், அவ்விடத்தில் மட்டும் பகுதி வெட்டு போட்டு, அதன் எல்லையைக் கையால் வரைந்த மெல்லிய நெளிகோட்டால் முடித்தால் போதும்.