உத்திரத்துக்குக் காரில் ஊர் வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில், திருநெல்வேலிக்கு வடக்கே கயத்தாறு பக்கம் நான்குவழிச் சாலையோரம் நின்று பாருங்கள். வருகிற கார்களில் பாதி சென்னைக் கார்களாகத்தான் இருக்கும். குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிட வருகிறவர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, எட்டு மணிக்குக் கிளம்பி, 600 கிலோமீட்டருக்கு மேல் ராவோடு ராவாக ஓட்டி வருகிறார்கள். ஒரு நாள் லீவு மிச்சம். என்னைக் கேட்டால் முதல் தவறு இதுதான், அது வண்டிச் சாவியைத் திருகுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

பகலெல்லாம் உழைத்த உடம்புக்கு இரவு 2 மணியிலிருந்து 5 மணி வரை தூக்கம் அழுத்திக்கொண்டு வரும். எட்டு மணிக்குக் கிளம்பியவர் மதுரையைத் தாண்டி, கோவில்பட்டிக் கரிசலுக்குள் வருவது சரியாக அந்த நேரத்தில்தான். ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கும். விழிப்பாக வைத்திருக்க வளைவும் கிடையாது, சந்தடியும் கிடையாது.

எனக்கே நடந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் மூன்று நான்கு நொடி என்ன நடந்தது என்று தெரியவில்லை. இடது சக்கரங்கள் தார் விளிம்பைத் தாண்டிச் சரளையில் இறங்கி வண்டி தடதடத்தபோதுதான் சுதாரித்தேன். பக்கத்தில் மனைவி, பின்னால் பிள்ளைகள், எல்லோரும் நல்ல தூக்கம். 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி என்றால் 110 மீட்டர். அவ்வளவு தூரம் வண்டியை யாருமே ஓட்டவில்லை. அடுத்து வந்த டீக்கடையில் கிளாஸை நீட்டியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கண்ணு ரெண்டும் கோவைப்பழமா கெடக்கு. சீட்டைச் சாய்ச்சு கொஞ்சம் படுங்க, சாமி எங்கயும் போயிராது" என்றார். படுத்தேன்.

ஏசியைக் கூட்டுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் கொஞ்ச நேரம்தான் தாங்கும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். டீயோ காப்பியோ வேலை செய்ய அரைமணி நேரம் ஆகும். அதனால் குடித்துவிட்டு 20 நிமிடம் கண்ணயர்ந்து, எழுந்து, கொஞ்சம் நடந்துவிட்டு எடுங்கள். அதைவிட நல்லது, அதிகாலை தூங்கி எழுந்து கிளம்பி, வெளிச்சத்தில் வந்து சேர்வது.

அடுத்தது, பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிற செய்தி: "நின்றிருந்த லாரி மீது கார் மோதியது". டயர் பஞ்சராகியோ, டிரைவர் அசதியிலோ இடது ஓரம் நிறுத்தியிருப்பார்கள். பின்விளக்கு எரியாது, சிவப்பு ஸ்டிக்கரைச் சேறு மூடியிருக்கும். லாரிக்காரர் தப்புத்தான். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். டிம் லைட்டில் நமக்குத் தெளிவாகத் தெரிவது சுமார் 50 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில், கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்க 100 மீட்டர் வேண்டும். லாரி தெரியும்போதே காலம் கடந்துவிட்டது. இரவில் 70-க்கு மேல் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அதிகாரம் பண்ணுவதற்கு இல்லை, வெளிச்சத்தின் கணக்கு. நடுத்திட்டில் திரும்புகிற இடைவெளி தூரத்தில் இருக்கிறது என்று எதிர்த் திசையில் லைட் இல்லாமல் வருகிற பைக்கும் இதே இடது ஓரத்தில்தான் வரும்.

நான்குவழிச் சாலையை விட்டு இறங்கினால் வேறு கதை. பங்குனி என்பது தாமிரபரணிக் கரையில் பிசானப் பருவ நெல் அறுவடை முடிகிற சமயம். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், அம்பாசமுத்திரம் பக்கம் ரோட்டில் வைக்கோலும் நெல்லும் காயும். "வைக்கோல்தானே" என்று ஏற்றிவிடுகிறார்கள். அதன்மேல் பிரேக் அடித்தால் எண்ணெயில் வழுக்குவது போல வழுக்கும். அடியில் சுற்றிக்கொண்டால் சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கவும் செய்யும். நெல்லைச் சுற்றி அணைகட்டின மாதிரி கல் வைத்திருப்பார்கள், அது இருட்டில் தெரியாது. மெதுவாக, எதிரே வருவதைப் பார்த்து, விலகிப் போங்கள். அடியில் சிக்கியது என்று சந்தேகம் வந்தால் உடனே நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டுப் பாருங்கள்.

ஆனி, ஆடியில் வருகிறவர்களுக்குக் காற்று. பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழியில் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும். உயரமான லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும். தாண்டி வெளியே வந்த நொடியில் காரை ஒரே தள்ளாகத் தள்ளும். வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். ஒரு கையில் போன் இருந்தால் அவ்வளவுதான்.

சீட் பெல்ட் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. முன்னால் இருப்பவர்கள் போலீசுக்குப் பயந்தாவது போடுகிறார்கள். பின்னால் ஆச்சி, தாத்தா, பிள்ளைகள் யாரும் போடுவதில்லை. சட்டம் பின் சீட்டுக்கும் உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் எதிலாவது முட்டி நின்றால், மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தையின் இழுப்பு 200 கிலோவுக்குச் சமம். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. முன் சீட்டில் மடியில் வைத்திருந்தால் இன்னும் மோசம், விரிகிற ஏர்பேக் நேராகக் குழந்தை மேல்தான் வரும். குழந்தைக்கென்று தனி சீட் வாங்கிப் பின்னால் கட்டுங்கள். வாங்கும் காரின் விலையில் அது ஒன்றுமே இல்லை.

டயருக்கு வருவோம். ஏழு பேரையும் பொங்கல் பானையையும் ஏற்றிக்கொண்டு காற்றுக் குறைந்த டயரில் வெயிலில் ஓட்டினால், பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். கிளம்புமுன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றுப் பிடியுங்கள். டயரின் வயதையும் பாருங்கள்; பக்கவாட்டில் 2319 என்பது போல நான்கு இலக்கம் இருக்கும். 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். அப்புறம், மழையில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும்.

வழியில் உங்கள் வண்டியே நின்றுபோனால், அப்போதுதான் நான்கையும் எரியவிட வேண்டும். முடிந்தவரை தாரை விட்டு இறக்கி நிறுத்துங்கள். முக்கோணப் பலகையைப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வையுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அடிபட்டிருந்தால் 108. அது வரும் வரை காருக்குள் உட்கார்ந்திருக்காமல், ஆச்சியையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு, எல்லோரும் ஓரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.