காம்போ பாக்ஸில் ஒரு குட்டி ரெண்டு: எக்செல் படிவங்களில் சப்ஸ்கிரிப்ட், சூப்பர்ஸ்கிரிப்ட்

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு, பிசான நடவு தொடங்குமுன் ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தேன். உரத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மூட்டையில் எந்தச் சத்து எத்தனை கிலோ என்று காட்ட வேண்டும். டிஏபி என்றால் தழைச்சத்து 18 சதவீதம், மணிச்சத்து 46 சதவீதம். 50 கிலோ மூட்டையில் 9 கிலோவும் 23 கிலோவும். கணக்கில் சிக்கல் ஒன்றுமில்லை. சிக்கல் எழுத்தில் வந்தது.

மணிச்சத்தை மூட்டையில் பி₂ஓ₅ என்று அச்சடித்திருப்பார்கள், சாம்பல் சத்தை கே₂ஓ என்று. (மூட்டையில் இருப்பது ஆங்கில எழுத்து, இங்கே தமிழில் எழுதுகிறேன்.) ஷீட்டின் கட்டங்களில் அந்த எண்களை அழகாகக் கீழே இறக்கி வைத்திருந்தேன். காம்போ பாக்ஸைத் (அழுத்தினால் பட்டியல் விரியும் பெட்டி) திறந்தால் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றன.

“மூட்டையில ரெண்டும் அஞ்சும் கீழ இறங்கி குட்டியா இருக்கு. ஒன் பெட்டியில மட்டும் ஏன்டே இறங்க மாட்டேங்கு?” என்றார் அண்ணாச்சி.

நியாயமான கேள்வி. கட்டத்தில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் 1ம் சேர்த்து அழுத்தி, சப்ஸ்கிரிப்ட் (மேலே ஏற்ற வேண்டுமென்றால் சூப்பர்ஸ்கிரிப்ட்) என்று டிக் அடிக்கிறோம் அல்லவா? அது எழுத்தை மாற்றுவதில்லை. உள்ளே இருப்பது அதே சாதாரண 2தான். அதைக் கீழே இறக்கிக் காட்டு என்ற குறிப்பு கட்டத்தோடு ஒட்டியிருக்கிறது. காம்போ பாக்ஸோ, லிஸ்ட் பாக்ஸோ, டேட்டா வேலிடேஷன் பட்டியலோ கட்டத்திலிருந்து எழுத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். அலங்காரத்தை அங்கேயே விட்டுவிடும். சூத்திரத்தின் விடையிலும் இதே கதைதான், ஓர் எழுத்தை மட்டும் தனியாக இறக்க முடியாது.

ஆகவே, பிறவியிலேயே குட்டியாக இருக்கும் எழுத்தைப் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடில் அப்படிப்பட்ட எழுத்துகள் இருக்கின்றன. ₂ என்பது இறக்கி வைத்த 2 அல்ல, தனக்கென்று சொந்த எண் உள்ள வேறொரு எழுத்து. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் குட்டியாகவே இருக்கும்.

முதல் வேலை: எழுத்தைக் கொண்டுவருவது

ஒன்றிரண்டு எழுத்து போதுமென்றால் இன்செர்ட் மெனுவில் சிம்பல் போங்கள். வலப்பக்கம் சப்செட் என்ற இடத்தில் “சூப்பர்ஸ்கிரிப்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ட்ஸ்” என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலானவை வரிசையாக நிற்கும்.

பட்டியலே போட வேண்டுமென்றால் யூனிசார் என்ற ஃபங்ஷன்தான் சௌகரியம். எக்செல் 2013 முதல் இருக்கிறது. ஆங்கிலத்தில் யூனிகோட் என்பதன் முதல் மூன்று எழுத்தையும் கேரக்டர் என்பதன் முதல் நான்கு எழுத்தையும் ஒட்டினால் அதன் பெயர் கிடைத்துவிடும். ஷீட்டில் அப்படி ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். மணிச்சத்துக்கான சூத்திரம் இது:

="பி"&யூனிசார்(8322)&"ஓ"&யூனிசார்(8325)

கீழ் எண்களுக்கு மனப்பாடமே வேண்டாம். 8320ஓடு வேண்டிய எண்ணைக் கூட்டுங்கள். 2 வேண்டுமா, 8322. 5 வேண்டுமா, 8325.

மேல் எண்களுக்கும் இதே மாதிரி 8304ஓடு கூட்டலாம் என்று நினைத்துத்தான் நான் வழுக்கினேன். 0 சரியாக வரும், 4 முதல் 9 வரையும் சரியாக வரும். 1, 2, 3 மட்டும் வராது. 8305 போட்டால் குட்டியாக ஓர் ஆங்கில ‘ஐ’ வந்து நிற்கும். 8306, 8307 இரண்டும் காலி மனை. இந்த மூன்று எண்களும் யூனிகோடுக்கு முந்தைய லத்தீன் எழுத்துத் தொகுதியிலேயே இருந்ததால் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன: ¹ என்றால் 185, ² என்றால் 178, ³ என்றால் 179. நமக்கு அதிகம் தேவைப்படுவதே இந்த ²ம் ³ம்தான். ஒரு சென்ட் நிலம் 40.47 மீ² என்று எழுதவும், அணையிலிருந்து திறக்கும் தண்ணீரை மீ³ கணக்கில் எழுதவும் இவை வேண்டும். நம்பர் பேட் இருக்கிற கீபோர்டு என்றால் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 0178 அடித்தாலே ² வந்துவிடும்.

எல்லா எழுத்துக்கும் இப்படிக் குட்டி வடிவம் கிடையாது. எண்கள் முழுசாக இருக்கின்றன, கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கின்றன, ஆங்கில எழுத்துகளில் சில இருக்கின்றன. தமிழ் எழுத்துக்கு இல்லவே இல்லை.

இரண்டாவது: பெட்டியில் ஏற்றுவது

டெவலப்பர் மெனு தெரியவில்லையென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போய் அதற்கு டிக் அடியுங்கள். பிறகு டெவலப்பரில் இன்செர்ட், அதில் ஃபார்ம் கன்ட்ரோல்ஸ் பகுதியில் காம்போ பாக்ஸ். ஷீட்டில் ஒரு செவ்வகம் வரையுங்கள். அதன்மேல் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் கன்ட்ரோல். இன்புட் ரேஞ்சில் உங்கள் பட்டியல் இருக்கும் கட்டங்கள், செல் லிங்கில் ஏதாவது ஒரு காலிக் கட்டம். ஓகே கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால் குட்டி எண்கள் வந்திருக்கும்.

செல் லிங்கில் விழுவது உரத்தின் பெயர் அல்ல, பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண். இது ஒருவகையில் நல்லது. மூட்டைக் கணக்கை அந்த எண்ணை வைத்து இண்டெக்ஸ் ஃபங்ஷனால் எடுத்துவிடலாம். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் வேலை இல்லை. குட்டி எழுத்துகளை வைத்துக்கொண்டு தேடல் சூத்திரம் போட எனக்குத் துணிச்சல் வருவதில்லை. தேடியே ஆக வேண்டுமென்றால் சாதாரண எண்ணோடு எழுதிய பெயர்களைப் பக்கத்து வரிசையில் போட்டு மறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைப் பெட்டியில் எழுத்தின் அளவை மாற்ற முடியாது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ₅ எது, ₆ எது என்று தெரியாது. பெரிய எழுத்து வேண்டுமென்றால் ஆக்டிவ்எக்ஸ் வகைக் காம்போ பாக்ஸ் போட்டு, ப்ராப்பர்ட்டீஸில் ஃபான்ட்டைப் பெரிதாக்குங்கள். ஆனால் மேக் கணினியில் ஆக்டிவ்எக்ஸ் ஓடாது.

செக் பாக்ஸ், லேபிள், பட்டன்

செக் பாக்ஸிலும் லேபிளிலும் ஒரே ஓர் எழுத்தை மட்டும் இறக்க வழியில்லை. கட்டத்தில் உருவாக்கிய ₂ஐக் காப்பி செய்து அதன் பெயரில் ஒட்டுவது ஒரு வழி. எனக்குப் பிடித்தது வேறு: செக் பாக்ஸின் எழுத்தை முழுக்க அழித்துவிட்டு, வெறும் டிக் பெட்டியைக் கட்டத்தின் ஓரத்தில் வைத்து, அந்தக் கட்டத்திலேயே பெயரை எழுதிவிடுவேன். கட்டத்தில் பழைய சப்ஸ்கிரிப்ட் டிக்கே வேலை செய்யும், வண்ணம், தடிமன், அளவு எல்லாம் நம் இஷ்டம். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஃபார்ம் கன்ட்ரோல்ஸில் பட்டன் மட்டும் செல்லப்பிள்ளை. எடிட் டெக்ஸ்ட் கொடுத்து, வேண்டிய எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் கன்ட்ரோலில் சப்ஸ்கிரிப்ட் போட்டால் ஏற்றுக்கொள்ளும்.

மேக்ரோ (எக்செலுக்குள் எழுதும் குட்டி நிரல்) எழுதி லேபிளின் பெயரை மாற்றுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மேக்ரோ எடிட்டருக்கு யூனிகோட் ஒத்துவராது. அதில் தமிழை ஒட்டிப் பார்த்து கேள்விக்குறி வரிசையை வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ₂வும் அங்கே கேள்விக்குறியாகவோ வெறும் 2ஆகவோ மாறிவிடலாம். எழுத்தை ஷீட்டில் ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தின் மதிப்பை எடுத்து லேபிளுக்குக் கொடுக்கும்படி எழுதிவிடுங்கள்.

அப்புறம், பட்டியலை வேறு மென்பொருளுக்கு அனுப்ப சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமிக்கும்போது, சேவ் ஆஸ் பட்டியலில் யூடிஎஃப்-8 என்று பெயரிலேயே போட்டிருக்கும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியைக் கொடுத்தால் குட்டி எண்களோடு தமிழ்ப் பெயர்களும் சேர்ந்து கெட்டுவிடும்.